முதலில் ஃபேக்டர், பிறகு மற்றதெல்லாம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோபிலியாவுக்கு, ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் மருந்தை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறீர்கள். வெளியே அதன் விலை என்னவென்று தெரிந்த குடும்பம் எங்களுடையது. அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் போன மாதம் ஓர் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்ததற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நள்ளிரவு நேரம். என் மகனுக்கு முழங்கால் இன்னும் வீங்கவில்லை. "உள்ளே குறுகுறுங்குது, ரத்தம் இறங்குது" என்றான். இந்த நோயோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது நம் எல்லோருக்கும் முன்பே தெரிந்துவிடும். பணியிலிருந்த சிஸ்டரோ, "வீக்கமே இல்லையேம்மா, காலையில ஓபிக்கு வாங்க" என்றார். நாங்கள் நகரவில்லை என்றதும், வலிக்கு இடுப்பில் போட ஊசியை எடுத்து வந்தார். சதையில் குத்தினால் அங்கேயே ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று நான்தான் குறுக்கே நின்று தடுத்தேன். ஃபேக்டர் அதே கட்டடத்தில், பூட்டிய அறையின் ஃபிரிட்ஜில் இருந்தது. சாவி காலையில்தான் வந்தது. மருந்து ஏறியபோது அவன் முழங்கால் நீட்டவும் மடக்கவும் முடியாமல் இறுகியிருந்தது.

அந்த சிஸ்டர்மேல் எனக்கு வருத்தமில்லை. அத்தனை நோயாளிகளை ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதைச் சொல்லித்தராத நிர்வாகத்தின் மேல்தான் கோபம்.

மூட்டில் ரத்தக் கசிவு தொடங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபேக்டர் ஏற வேண்டும். ஒரே மூட்டில் திரும்பத் திரும்ப ரத்தம் இறங்கினால் குருத்தெலும்பு அரித்துப்போகும். பிறகு எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது. தலையில் அடி என்றால் ஸ்கேனுக்கு அனுப்பும் முன்பே ஃபேக்டர் போட வேண்டும். அடிவயிற்று வலியோடு தொடையை மடக்கியபடி வருபவருக்கு, குடல்வால் என்று முடிவுகட்டும் முன் இடுப்புத் தசையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆஸ்பிரின் கூடாது. மெல்லிய பட்டர்ஃப்ளை ஊசி போதும். எடுத்தபின் ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லித்தர அரை நாள் பயிற்சி போதாதா?

உலக ஹீமோபிலியா தினமான ஏப்ரல் 17 வந்தால் பேனர் கட்டுகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியாவும் உண்டு. அதற்கான மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க வீங்கிய காலோடு பிள்ளைகள் மாடிப்படி ஏறுகிறார்கள். மாதவிடாயில் ரத்தம் நிற்காத பெண்பிள்ளைகளுக்கு ரத்தம் சரியாக உறையாத இன்னொரு நோயான வான் வில்லிபிராண்ட் இருக்குமோ என்றுகூடப் பார்க்காமல் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். அவர்களுக்காக யார் குறுக்கே நிற்பது?

சொல்ல வந்ததிலிருந்து விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இதுதான்: ஃபேக்டர் இருக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் அவசரப் பிரிவு நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுங்கள். நோயாளி அடையாள அட்டையைக் காட்டியதும், சிறப்பு மருத்துவருக்காகக் காத்திராமல், பணியிலிருக்கும் டாக்டரின் ஒப்புதலோடு ஃபேக்டரை ஏற்ற எழுத்துப்பூர்வ ஆணை பிறப்பியுங்கள். ஃபிரிட்ஜ் சாவி இரவிலும் அந்தப் பிரிவிலேயே இருக்கட்டும்.

இந்த ஆணை எந்தத் தேதிக்குள் வரும் என்று தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹீமோபிலியா உள்ள ஒரு சிறுவனின் தாய்