ரோட் பைக் வாங்கத் துடிக்குற தம்பிக்கு

டேய் தம்பி,

ராத்திரி பன்னெண்டு மணிக்கு நீ அனுப்புன ஆறு போட்டோவும் பாத்தேன், ஆறும் ஒரே ரோட் பைக், அதான் மெலிசு டயரும் கீழ வளைஞ்ச ஹேண்டில்பாரும் வெச்ச ரேஸ் மாதிரி சைக்கிள், கலர் மட்டும் வேற. போன்ல சொன்னா நடுவுல புகுந்து பேசுவ, அதான் இங்க எழுதுறேன். சித்தியும் படிப்பாங்க, படிக்கட்டும்.

பெங்களூர் பக்கத்துல நந்தி பெட்டா மலை ஏறுறப்ப உன்ன நாலு பேரு தாண்டிப் போனாங்கன்னு புலம்புனியே, அதுக்கு சைக்கிள் என்னடா பண்ணும்? அந்த ஏத்தத்துல நீ போறது மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகம், அங்க காத்தே பெருசா தடுக்காது, கால்ல இருக்குற தெம்பும் நீயும் வண்டியும் சேந்து இருக்குற எடையும்தான் கணக்கு. சொல்லப்போனா ஏறுறதுக்கு நீ இப்ப ஓட்டுற நேர் ஹேண்டில்பார் ஹைப்ரிட் சைக்கிள்தான் சுகம். முன்னாடி சின்ன பல்சக்கரத்துல 28 பல்லு, பின்னாடி பெருசுல 32, ஒரு மிதிக்கு ரெண்டு மீட்டர் கூட நகராது, ஆனா உக்காந்தே ஏறிடலாம். நீ அனுப்புனதுல முன்னாடி 34, பின்னாடி 28, ஒரு மிதிக்கு ரெண்டரை மீட்டருக்கு மேல இழுக்கணும். கடைசி வளைவுங்கள்ல முட்டி வலின்னு எனக்குத்தான் போன் வரும்.

ரோட் பைக் குடுத்த காசுக்கு ஓடுறது தேவனஹள்ளி பக்கம், சமமான ரோட்டுல, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல போறப்ப. 20ல போறவன் 30க்கு போனா காத்து ரெண்டேகால் மடங்கு தள்ளும், அங்க அந்த வளைஞ்ச டிராப் ஹேண்டில்பார்ல குனிஞ்சு போனா நெஞ்சுல அடிக்குற காத்து குறையும். கையையும் மூணு எடத்துல மாத்தி மாத்தி வெக்கலாம், உன் விரல் மரத்துப் போறதுக்கு அது நெஜமாவே நல்லது, இத நான் மறுக்கல.

ஆனா வாரத்துல அஞ்சு நாள் நீ போறது ஓசூர் ரோடுடா! நான் பண்ண கூத்த கேளு. ஹைப்ரிட்ட வித்துட்டு 25 மில்லிமீட்டர் மெலிசு டயர் போட்ட ரோட் பைக் வாங்குனேன்ல, ஒரு மழ நாள்ல பொம்மனஹள்ளி கிட்ட தண்ணி நின்ன குழில எறக்கிட்டேன், ட்யூப்ல பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை. பக்கத்துல பஞ்சர் கடை, தர்மபுரிக்கார அண்ணன், நல்லாத்தான் ஒட்டிக் குடுத்தாரு, ஆனா அவரு பம்ப் என் ட்யூப்ல இருந்த மெலிசு ப்ரெஸ்டா வால்வுல ஏறவே இல்ல. "என்னம்மா இது ஊசி மாதிரி இருக்கு"ன்னாரு. பெடல்ல மாட்டிக்குற க்ளீட் ஷூவோட டக்கு டக்குன்னு ஆபீஸ் வரைக்கும் தள்ளிட்டு போனேன். கேரியர் மாட்ட ஓட்டையும் இல்ல அந்த வண்டில, லேப்டாப் முதுகுலதான், சட்டை தொப்பல்.

அதனால இப்போதைக்கு டயர மட்டும் மாத்து. அந்த 38 முள்ளு டயர கழட்டிட்டு 32ல வழவழன்னு ஒண்ணு போடு, உன் ரிம்முக்கு சேருமான்னு கடைல கேட்டுக்கோ. முன்னாடி சஸ்பென்ஷன லாக் பண்ணி ஓட்டு. ஹைப்ரிட்லயே டிராப் பார் மாட்டலாம்னு யாராவது ஏத்தி விட்டா கேக்காத, கியர் ஷிஃப்டர் பிரேக் லிவர் எல்லாம் மாத்தணும், ஃப்ரேம் வேற நீளம், கை எட்டாது, கடைசில பாதி ரோட் பைக் வெலை ஆயிடும். 200 கிலோமீட்டர் பிரெவே, அதான் குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்குற நீண்ட தூர சைக்கிள் பயணம், போகணும்னு சொன்னல்ல, அதுக்கு பதிமூன்ற மணி நேரம் குடுக்குறாங்க, டீ இட்லிக்கு நின்னதும் சேத்து மணிக்கு 15 கிலோமீட்டர் வந்தா போதும், இந்த வண்டியே தாங்கும்.

அப்புறமும் அரிப்பு அடங்கலன்னா சனிக்கிழமை அல்சூர் வா, என் வண்டிய எடுத்துட்டு ரெண்டு வாரம் ஆபீஸ் போய் பாரு. சீட்ட கொஞ்சம் ஏத்திக்கோ, ஸ்பேர் ட்யூபும் பம்ப்பும் பைல இருக்கு. உன் ஹைப்ரிட் அதுவரைக்கும் இங்க நிக்கட்டும், விக்கறதா இருந்தா வேற யாருகிட்டயும் பேசாத, நான் எடுத்துக்குறேன்.

அக்கா