பச்சிரிசு பாசத்தால் ஜெயிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வீடியோ கேம் போட்டிகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கற்பனைப் பிராணிகளை மோதவிடும் போக்கிமான் போட்டி ஆட்டத்துக்குத் தமிழ்ப் பத்திரிகையில் அரைப் பக்கம் கிடைப்பதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் 2014 உலக சாம்பியன்ஷிப்பைப் பற்றிய பத்தியில், பச்சிரிசு என்ற, யாரும் சீண்டாத ஒரு குட்டி மின்சார அணிலை அதன் மேல் வைத்த பாசத்துக்காகவே களமிறக்கி ஒரு கொரிய இளைஞர் உலகத்தையே ஜெயித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கதை பத்து வருஷத்துக்கு மேலாக எல்லா மொழியிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, அதனாலேயே யாரும் அதை நிறுத்தி விசாரிப்பதில்லை. பாசம் இருந்ததா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும், ஆனால் அந்த ஆட்டத்தில் ஜெயித்தது பாசம் இல்லை, கணக்கு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். 2014 ஆகஸ்ட், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். பெரியவர்கள் பிரிவின் இறுதிப் போட்டியில் தென் கொரியாவின் சே ஜுன் பார்க், அமெரிக்காவின் ஜூடி அஸரெல்லியை வென்றார். அவருடைய ஆறு பேர் அணியில் கார்ச்சாம்ப், கியாரடோஸ், டாலன்ஃப்ளேம், கார்டவாயர், கோதிடெல் ஆகிய ஐந்தும் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பலசாலிகள். ஆறாவதுதான் பச்சிரிசு. வெள்ளை உடம்பில் நீலக் கோடு போட்ட அணில், 2006-ல் டயமண்ட், பேர்ல் ஆட்டங்களில் அறிமுகமானது. வாஷிங்டனுக்கு முன்பு போட்டி ஆடுபவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு போக்கிமானின் ஆறு அடிப்படை எண்களையும் கூட்டினால் கார்ச்சாம்புக்கு 600 வரும், பச்சிரிசுவுக்கு 405. தாக்குதல் வெறும் 45. இதை வைத்துக்கொண்டு யாரை அடிப்பது என்று எவருக்கும் தோன்றும்.

ஆனால் அவர் அதற்குக் கொடுத்த நான்கு மூவ்களை, அதாவது களத்தில் அது செய்யக்கூடிய செயல்களைப் பாருங்கள். ஃபாலோ மீ, நஸல், சூப்பர் ஃபேங், புரொடெக்ட். இந்த நான்கில் எதற்குமே தாக்குதல் எண் தேவையில்லை, மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. சூப்பர் ஃபேங் எதிராளியிடம் அந்த நேரத்தில் இருக்கும் உயிர்ப்புள்ளியில் சரிபாதியைக் கடித்து எடுத்துவிடும், எதிரில் நிற்பது எவ்வளவு கெட்டித் தோலாக இருந்தாலும் சரி. நஸல் அடிக்கும் அடி கொசுக்கடிதான், 20 பவர், ஆனால் பட்டால் நிச்சயம் பக்கவாதம், அப்போதைய விதிப்படி எதிராளியின் வேகம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். புரொடெக்ட் அந்தச் சுற்று முழுக்க ஒரு அடியும் படாமல் காப்பாற்றும். ஆக 45 என்ற எண்ணைக் காட்டி இதைப் பலவீனமான பிராணி என்று சொல்வது, அது செய்யாத வேலைக்கு அதற்கு மார்க் போடுவது.

ஃபாலோ மீ-யைத் தனியாகச் சொல்ல வேண்டும். உலகப் போட்டியில் ஆடுவது இரட்டையர் ஆட்டம், ஒவ்வொருவரும் ஆறு போக்கிமானைக் கொண்டுவந்து நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒரு நேரத்தில் இரண்டைக் களத்தில் நிறுத்துவார்கள், எல்லாம் 50-வது லெவலுக்குக் கொண்டுவரப்படும். பச்சிரிசு ஃபாலோ மீ போட்டால் அந்தச் சுற்றில் எதிராளிகள் ஒருவரைக் குறிவைத்து விடும் அடியெல்லாம் பக்கத்தில் நிற்கும் கூட்டாளியை விட்டுவிட்டு இதன் மேலேயே வந்து விழும். கிரிக்கெட்டில் மாலை நேரத்தில் நல்ல பேட்ஸ்மேனை வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டு நைட் வாட்ச்மேனை அனுப்புவார்களே, ஏறக்குறைய அந்த வேலை. ஒற்றையர் ஆட்டத்தில் இந்த மூவுக்கு ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது, காப்பாற்றப் பக்கத்தில் ஆளே இல்லையே. உங்கள் கட்டுரையில் இது இரட்டையர் ஆட்டம் என்ற தகவலே இல்லை, அது இல்லாமல் பச்சிரிசுவின் கதையைச் சொல்லவே முடியாது.

சரி, அடியை வாங்கிக்கொள்கிறது, வாங்கிக்கொண்டு நிற்குமா? நிற்கும்படி வளர்த்திருந்தார்கள். ஈ.வி. என்று ஆடுபவர்கள் சொல்லும் பயிற்சிப் புள்ளி ஒரு போக்கிமானுக்கு மொத்தம் 510, ஒரு பிரிவுக்கு அதிகபட்சம் 252. அதில் இரண்டு முழுப் பங்கையும் உயிருக்கும் உடல் தற்காப்புக்கும் கொட்டி, தற்காப்பைப் பத்து சதவீதம் கூட்டும் சுபாவத்தையும் சேர்த்தால் 50-வது லெவலில் பச்சிரிசுவின் உயிர் 167, தற்காப்பு 134. ஒவ்வொரு போக்கிமானுக்கும், ஒவ்வொரு அடிக்கும் டைப் என்று ஒரு வகை உண்டு, மின்சார டைப்பான இதற்கு நேர் எதிரி நில டைப். வேறு எந்த டைப்பிடமும் அது பலவீனம் கிடையாது, நில அடி மட்டும் இரண்டு மடங்காக விழும். அந்த நில அடியிலேயே பேர் போனதை எடுத்துக்கொள்வோம், முழு ஈ.வி. தாக்குதலில் போட்டு, வேகத்தைக் கூட்டும் சுபாவத்தில் வளர்த்த கார்ச்சாம்ப் அடிக்கும் எர்த்க்வேக். இரட்டையர் ஆட்டத்தில் அது எல்லார் மேலும் பரவுவதால் கால் பங்கு குறையும், பச்சிரிசுவுக்கு விழும் சேதம் 116-லிருந்து 138 வரை. 167-ல் 138 போனாலும் உயிர் மிச்சம் இருக்கிறது. உடனே கையில் வைத்திருக்கும் சிட்ரஸ் பெர்ரியைத் தின்று 41 புள்ளியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். தனக்கு மிக ஆகாத அடியையே ஒரு தடவை தாங்குகிற பிராணியைப் பற்றித்தான் குட்டி, பாவம், யாரும் சீண்டாதது என்றெல்லாம் எழுதுகிறோம். (கிரிட்டிகல் என்ற அதிர்ஷ்ட அடி விழுந்தால் கதை வேறு, அது யாருக்கும்தான்.)

அடுத்தது அதன் தனித்திறன், வோல்ட் அப்சார்ப். மின்சார அடி பட்டால் சேதம் ஆகாது, மாறாக உயிரில் கால் பங்கு கூடும். இதை கியாரடோஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீர், பறக்கும் டைப் இரண்டும் சேர்ந்த கியாரடோஸுக்கு மின்சார அடி நான்கு மடங்கு, ஆட்டத்தின் நடுவில் மெகா என்ற பலமான வடிவம் எடுத்த பிறகும் இரண்டு மடங்கு. டாலன்ஃப்ளேமுக்கும் இரண்டு மடங்கு. அந்த வருஷம் திரும்பிய பக்கமெல்லாம் ரோட்டம் என்ற மின்சார போக்கிமான் இருந்தது, கியாரடோஸைக் கண்டால் ரோட்டமின் கை தானாகவே தண்டர்போல்ட் என்ற மின்சார அடிக்குப் போகும், அது பச்சிரிசுவின் மேல் விழுந்து அணிலுக்கு மருந்தாக மாறும். பக்கவாதம் கொடுக்கும் தண்டர் வேவ் விட்டாலும் இதே கதிதான். அடிக்காமல் தீக்காயம் போட்டு கியாரடோஸின் பலத்தைப் பாதியாக்கலாம் என்று வில்-ஓ-விஸ்ப் விட்டாலும் அதுவும் அணிலுக்கே போகும், அடித்து ஜெயிக்கும் எண்ணமே இல்லாத பிராணிக்குத் தாக்குதல் பாதியானால் என்ன நஷ்டம்? இதற்குள் கியாரடோஸ் மாதிரி ஒன்று தாக்குதலையும் வேகத்தையும் கூட்டும் டிராகன் டான்ஸ் ஆட ஒரு சுற்று கிடைத்துவிட்டால் அப்புறம் எதிராளி பாடு திண்டாட்டம்.

இதே வேலையைச் செய்ய அமூங்கஸ் என்ற காளான் இருந்ததே, எல்லாரும் அதைத்தானே வைத்திருந்தார்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அமூங்கஸின் ரேஜ் பவுடரும் அடியைத் தன் பக்கம் இழுக்கும், தூங்க வைக்கும் ஸ்போரும் கூடவே உண்டு, மொத்தத்தில் பச்சிரிசுவை விடப் பெரிய ஆள். ஆனால் 2013-ல் எக்ஸ், ஒய் ஆட்டங்கள் வந்தபோது பொடி மூவ்கள் புல் டைப்பைப் பாதிக்காது என்று விதி மாறியது, அதனால் எதிரில் புல் டைப் நின்றால் ரேஜ் பவுடர் அதை இழுக்காது. ஃபாலோ மீ-க்கு அந்தக் குறை இல்லை. அதோடு அதே 2013-ல் டாலன்ஃப்ளேமும் வந்தது, அதன் திறனால் அப்போது பிரேவ் பேர்ட் என்ற பறக்கும் அடி எல்லாருக்கும் முன்னால் பாயும், அமூங்கஸுக்குப் பறக்கும் அடி இரண்டு மடங்கு. பச்சிரிசுவுக்கோ அது பாதிதான். ஃபாலோ மீ-க்கு இருக்கும் முன்னுரிமை அந்தப் பாய்ச்சலையும் முந்திவிடும். ஆக, எதிராளிகள் எதைக் கொண்டு வருவார்கள் என்று பார்த்து, அந்தக் குறிப்பிட்ட ஓட்டைக்கு அளவெடுத்துத் தைத்த பிராணி இது.

இதற்கு ஓட்டையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எர்த்க்வேக், ராக் ஸ்லைட், ஹீட் வேவ் மாதிரி பரவும் அடிகளை ஃபாலோ மீ இழுக்காது. முதல் சுற்றில் கங்காஸ்கான் ஃபேக் அவுட் அடித்தால் ஃபாலோ மீ-யை விட அது முந்தும், அணில் அந்தச் சுற்று அப்படியே திகைத்து நிற்கும். மின்சார அடியான நஸல், நில டைப்பான கார்ச்சாம்பைத் தொடாது, சூப்பர் ஃபேங் பேய் டைப்பைத் தொடாது. சொந்த அணியின் கார்ச்சாம்பே எர்த்க்வேக் அடிக்க வேண்டும் என்றால் பச்சிரிசு புரொடெக்ட் போட்டுக்கொண்டு ஒளிய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எதிராளியின் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகித்தால்தான் இது வேலை செய்யும், ஊகம் தப்பினால் வெறும் 405 புள்ளி அணில்தான். வாஷிங்டனில் நடந்ததைப் பார்த்துவிட்டு ஆசையாக அதைத் தூக்கித் தங்கள் டீமில் போட்டவர்கள் பலருக்கு இது சீக்கிரமே புரிந்தது.

பாசக் கதை ஏன் நிற்காது என்பதற்கு இன்னொரு சாட்சி அடுத்த வருஷம். 2014-ல், எக்ஸ், ஒய் ஆட்டங்களின் கதை நடக்கும் கலோஸ் பிரதேசத்துப் பட்டியலில் உள்ள போக்கிமான்களுக்கு மட்டுமே அனுமதி. அதனால்தான் 2013-ல் மேடையை ஆண்ட லேண்டோரஸ், தண்டூரஸ், கிரெசெலியா எதுவும் வாஷிங்டனில் இல்லை. 2015-ல் அந்த வேலியை எடுத்ததும் அவை திரும்பி வந்தன. லேண்டோரஸ் நில டைப், களத்துக்குள் வந்ததுமே எர்த்க்வேக் மிரட்டல். அடியை இழுக்கும் வேலைக்கும் வேறு நல்ல ஆட்கள் கிடைத்தார்கள். பச்சிரிசு சத்தமில்லாமல் காணாமல் போனது. அதன் மேல் இருந்த பாசம் ஒரே வருஷத்தில் உலகம் முழுக்க வற்றிவிட்டதா என்ன? விதி மாறியது, கணக்கு மாறியது, அவ்வளவுதான்.

உங்கள் கட்டுரையாளர் ஆட்டத்துக்குள் வரும் கேரன் என்ற பாத்திரத்தின் வசனத்தையும் கொண்டுவந்திருந்தார், பலம் பலவீனம் எல்லாம் மனிதர்கள் பார்க்கும் பார்வை, பிடித்ததை வைத்து ஜெயிக்கப் பார்க்க வேண்டும் என்பது போல வரும் அது. பச்சிரிசுவைப் பேசும் எல்லாரும் இதைத் துணைக்கு இழுக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம், இதை நம்பி ஒரு பத்தாம் வகுப்புப் பையன் தனக்குப் பிடித்த ஆறைப் போட்டுக்கொண்டு இணையத்தில் ஆடி வரிசையாகத் தோற்றால், தன் பாசம் போதவில்லை என்றா நினைத்துக்கொள்வான்? அவனுக்கு உதவுவது 167, 134 என்ற எண்களும், ரோட்டம் எதைச் செய்யும் என்ற யோசனையும்தான். அந்த யோசனையில் ஒரு பெரிய சந்தோஷம் இருக்கிறது, எல்லாரும் தூக்கிப் போட்ட பட்டியலை உட்கார்ந்து வரிவரியாகப் படித்து அதில் ஒரு விடை கண்டுபிடிக்கும் சந்தோஷம். சே ஜுன் பார்க்கைக் கொண்டாட வேண்டும் என்றால் அதற்காகக் கொண்டாடுங்கள். மனசு நல்ல மனசு என்று சொல்லி அவர் மூளையைக் குறைத்துவிடுகிறோம்.

சதுரங்கப் போட்டி என்றால் எந்தத் திறப்பு, எந்த நகர்த்தலில் ஆட்டம் திரும்பியது என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதத்தான் செய்கின்றன, புரியாத வாசகரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார், ஒன்றும் குடி முழுகுவதில்லை. இந்த ஆட்டத்துக்கும் இரண்டு பத்தி அப்படி எழுதலாம். புரியக்கூடியவர்கள் உங்கள் வாசகர்களிலேயே நிறைய இருக்கிறார்கள், பெரும்பாலும் இணைப்பிதழை முதலில் எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். கட்டுரையோடு அச்சிட்டிருந்த படம் பச்சிரிசு இல்லை, எமோல்கா. அதுவும் மின்சார அணில்தான், குழப்பம் வருவது சகஜம், ஆனால் அது மஞ்சள் சிறகு விரித்த பறக்கும் அணில், நில அடி அதன் மேல் படவே படாது, ஃபாலோ மீ-யும் அதற்குக் கிடையாது. இணையப் பதிப்பிலாவது படத்தை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி