2024–25 ஆண்டறிக்கை: ராக்கெட் எஞ்சினைப் படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

நமது அறிவியல் மன்றத்தின் 2024–25ஆம் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதத்துக்கு ஒரு தலைப்பு என்று தாவாமல், ஆண்டு முழுக்க ஒரே பொருளைப் படிப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். நம் ஊர் மொட்டை மாடியில் ஏறினால் மகேந்திரகிரி தெரிகிறது. அங்கே இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே சோதிக்கிற எஞ்சின் எப்படி இயங்குகிறது என்று கேட்டால், 'நெருப்பு கீழே பீய்ச்சும், ராக்கெட் மேலே போகும்' என்பதோடு நின்றுவிடுவோம். அதற்கு மேலே போக வேண்டும் என்றுதான் இந்தத் தலைப்பை எடுத்தோம்.

மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் தவறாமல் நடந்தன. டிசம்பரில் மழையால் கூட முடியவில்லை. தேர்வு மாதங்களில் மாணவர் வருகை குறைந்தது, அது எப்போதும் உள்ளதுதான். பாலிடெக்னிக் மாணவர்கள் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். பள்ளி மாணவிகளின் வருகை கூடியிருப்பது தனி மகிழ்ச்சி.

இந்த ஆண்டின் சிறந்த கேள்வியும் ஒரு மாணவியிடமிருந்துதான் வந்தது. நம் மன்றத்தின் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் எஞ்சினை வரைந்துகொண்டிருந்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுந்து, "சார், டாங்கிலேயே அழுத்தம் கொடுத்துத் தள்ளிட்டா என்ன? பம்ப் எதுக்கு?" என்று கேட்டாள். அன்றைய கூட்டம் முழுக்க இந்தக் கேள்விக்கே போனது. மிகவும் குளிர்ந்த திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் கொண்டு இயங்கும் இஸ்ரோவின் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினின் எரிஅறையில் இருக்கும் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 60 மடங்கு. அதையும் மீறி எரிபொருளை உள்ளே தள்ள வேண்டும். அவ்வளவு அழுத்தத்தை டாங்கே தாங்க வேண்டுமென்றால் அதன் சுவரைத் தடியாகச் செய்ய வேண்டும். அந்த எடையைச் சுமந்துகொண்டு ராக்கெட் எங்கே போவது? சந்திரயான்-3 தரையிறங்கு கலத்தில் இருந்தவை போன்ற சிறிய எஞ்சின்களுக்கு டாங்க் அழுத்தமே போதும். பெரிய எஞ்சினுக்கு டர்போ பம்ப், அதாவது வாயு சுழற்றும் டர்பைனால் ஓடும் பம்ப், இல்லாமல் ஆகாது.

அந்தப் பம்ப் படும் பாடு சாதாரணமல்ல. திரவ ஹைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 253 டிகிரி. ஒரு லிட்டர் 70 கிராம்தான் எடை, அதனால் மிக வேகமாகச் சுழன்றால்தான் தேவையான அளவைத் தள்ள முடியும். அந்தக் குளிரில் கிரீஸ், எண்ணெய் எதுவும் வேலைக்காகாது. பேரிங்குகளுக்குப் பாய்கிற திரவமே துணை. பம்பை முன்கூட்டியே குளிர்விக்காவிட்டால் ஹைட்ரஜன் உள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். ஒரே தண்டின் மறுமுனையில் டர்பைனைச் சுழற்றுவதோ சூடான வாயு. எஞ்சின் என்றதும் நாம் நெருப்பையே பார்க்கிறோம். உண்மையில் பொறியாளரின் தூக்கத்தைக் கெடுப்பது இந்தப் பம்ப்தான் என்பதே இந்த ஆண்டுப் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம்.

2010 ஏப்ரல் 15 அன்று இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட் தோற்றதையும் ஒரு கூட்டத்தில் விரிவாகப் பேசினோம். நம் நாட்டில் செய்த கிரையோஜெனிக் எஞ்சின் முதன்முதலாகப் பறந்தது அன்றுதான். எஞ்சின் பற்றிக்கொண்டது. ஆனால் ஹைட்ரஜனைப் பெரிய பம்புக்கு அனுப்பும் துணைப் பம்பான பூஸ்டர் பம்ப் நின்றுபோனதால் உந்துவிசை எழும்பவில்லை. அதன் பிறகு பம்பின் வடிவமைப்பை மாற்றினார்கள். விண்வெளியின் வெற்றிடத்தில் எஞ்சின் பற்றுமா என்பதை மகேந்திரகிரியிலேயே செயற்கை வெற்றிடத்தில் சோதித்தார்கள். 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 வென்றது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளின் உழைப்பு நம் பாடப்புத்தகங்களில் விரிவாக வர வேண்டும் என்பது என் ஆசை.

ஜிஎஸ்எல்வி-டி5இல் பறந்த அந்தச் சிறிய கிரையோஜெனிக் எஞ்சினில், டர்பைனைச் சுழற்றிய வாயு மீண்டும் எரிஅறைக்கே வந்து எரியும். எதுவும் வீணாகாது, ஆனால் எல்லா உறுப்புகளும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்கும். அடுத்து வந்த சிஇ-20 இருபது டன் உந்துவிசை தருவது. இதில் டர்பைனைச் சுழற்றிய வாயுவைத் தனியே வெளியே விட்டுவிடுகிறார்கள். திறனில் கொஞ்சம் இழப்புதான். பதிலுக்கு ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே சோதித்துப் பார்க்க முடிகிறது. அது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன். 2017 ஜூன் 5 அன்று முதல் முறை பறந்தபோதே அந்த எஞ்சின் வென்றது, 2023இல் சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டிலும் அதுதான் இருந்தது.

செய்முறைக் கூட்டத்தில் காகிதக் குவளையில் தண்ணீர் ஊற்றி மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினோம். தண்ணீர் சூடேறியது, காகிதம் எரியவில்லை. தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுடரைக் கொண்டுபோனதும் விளிம்பு கருகிப் புகைந்தது. எரிஅறைக்குள் வெப்பம் 3000 டிகிரியைத் தாண்டும், செம்போ 1085 டிகிரியில் உருகிவிடும். அப்படியிருந்தும் செம்புக் கலவையால் செய்த சுவர் நிற்கிறதென்றால், அதற்குள் இருக்கும் நுண்ணிய கால்வாய்களில் குளிர்ந்த ஹைட்ரஜன் ஓடிக்கொண்டே இருப்பதுதான் காரணம். குவளையைப் பார்த்த பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜெட் எஞ்சினுக்கு ஒரு கூட்டம்தான் ஒதுக்க முடிந்தது. அது காற்றை வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது, ராக்கெட் ஆக்சிஜனையும் கூடவே சுமக்கிறது என்ற வேறுபாட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆண்டு முடியும் தறுவாயில், 2025 மார்ச் 28 அன்று, மகேந்திரகிரியிலிருந்து நல்ல செய்தி வந்தது. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் கொண்டு 200 டன் அளவுக்கு உந்துவிசை தரப்போகும் செமி கிரையோ எஞ்சினின் முக்கியப் பகுதியை 2.5 விநாடி இயக்கிச் சோதித்தார்கள். பெரிய எரிஅறை அதில் இல்லை. பம்புகள், டர்பைன்கள், அவற்றை இயக்கும் சிற்றறை, கட்டுப்பாட்டு அமைப்பு ஆகியவைதான் இருந்தன. 2023 ஜூலையில் இதே போன்ற சோதனை 1.9 விநாடி வரை சரியாகப் போனது, பிறகு டர்பைன் அழுத்தம் திடீரென எகிறியதால் நிறுத்த நேர்ந்தது. ஆண்டு முழுக்கப் பம்பைப் பற்றிப் பேசிய நம் மாணவர்களுக்கு, 2.5 விநாடி ஏன் கொண்டாட்டத்துக்குரியது என்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்புறம், நிர்வாக விஷயங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற புத்தகங்களைத் திருப்பித் தராதவர்கள் இம்மாதத்துக்குள் தந்துவிட வேண்டுகிறேன். அடுத்த ஆண்டுக்கு ஜெட் எஞ்சினை முழுத் தலைப்பாக எடுக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. செய்முறைகளுக்கென ஒரு மின்விசிறி மோட்டாரும் பழைய டர்போசார்ஜர் ஒன்றும் தேவைப்படுகின்றன. லாரிப் பட்டறை வைத்திருக்கும் உறுப்பினர்கள் உதவ வேண்டும்.

கூட்டங்களுக்கு இடம் தந்த பள்ளிக்கும், பேசியவர்களுக்கும், தேநீர்ச் செலவை ஏற்றவர்களுக்கும் மன்றத்தின் நன்றி. இவ்வறிக்கையையும் அடுத்த ஆண்டுக்கான பரிந்துரையையும் ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்