தங்க ஆணி செருகிய இடம் முனையல்ல, மேடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் வந்த யூட்டா மாநிலச் சுற்றுலாக் கட்டுரையில், அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதை 'புரோமன்டரி முனை'யில் முடிந்ததாக எழுதியிருந்தீர்கள். முனை என்பது பெரிய உப்பு ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலத்தின் தென்கோடி. 1869 மே 10-ஆம் தேதி இரு பாதைகளும் சந்தித்தது அதற்கு ஏறத்தாழ 35 மைல் வடக்கே உள்ள புரோமன்டரி மேட்டில். அன்றைய பத்திரிகைகளே செய்த பிழை இது. 1904-இல் ஏரியின் குறுக்கே போட்ட புதிய பாதை முனையை ஒட்டிச் சென்றதால் குழப்பம் நிலைத்துவிட்டது.

இரு பாதைகளும் இணைந்த சடங்குக்கென்று வைத்த தங்க ஆணியை யாரும் ஓங்கி அடித்து இறக்கவும் இல்லை. தங்கம் சம்மட்டி அடி தாங்காது. சிலிப்பர் கட்டையில் முன்கூட்டியே துளையிட்டு, அதில் ஆணியைச் செருகினார்கள். சடங்கு முடிந்ததும் கட்டையையும் ஆணியையும் எடுத்துவிட்டு, சாதாரணக் கட்டை வைத்து இரும்பாணி அடித்தார்கள். அந்தத் தங்க ஆணி இன்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டை 1906 சான் பிரான்சிஸ்கோ தீயில் எரிந்துபோனது.

கட்டுரை தொடாமல் விட்டது அதைவிடப் பெரியது. 1869 ஏப்ரல் 28-ஆம் தேதி, ஒரே நாளில் 10 மைலுக்குச் சற்றுக் கூடுதலாகப் பாதை போட்டார்கள். தண்டவாளம் ஒன்று 30 அடி நீளம், 560 பவுண்டு எடை. அப்படி 3,520 தண்டவாளங்கள் அன்று இறங்கின. அவற்றைத் தூக்கி வைத்த ஐரிஷ்காரர்கள் எட்டுப் பேரின் பெயர்களும் பதிவில் உள்ளன. அதே நாளில் கட்டை பரப்பி, ஆணி அடித்து, சரளை இட்டு இறுக்கிய சீனத் தொழிலாளர்களின் பெயர்கள் இல்லை. சம்பளப் புத்தகத்தில் பெரும்பாலும் கங்காணியின் பெயரை மட்டும் எழுதி, கூலியை மொத்தமாகக் கொடுத்ததுதான் காரணம். கங்காணிகளின் கீழ் வேலை பார்த்த நம் மலாயாத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1942-இல் போருக்கு இரும்பு வேண்டுமென்று புரோமன்டரியின் தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். ஜப்பானியர் காலத்தில் மலாயாவில் நம் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டு, அவர்கள் போட்ட சயாம்-பர்மா மரண ரயில் பாதைக்குப் போயின. அங்கே மாண்ட நம்மவர்களுக்கும் பெயர்ப்பட்டியல் இல்லை.

ஆனால், தண்டவாளம் போனாலும் மண்வேலை போகாது. புரோமன்டரியில் இன்றும் கண்ணில் படுவது 170 அடி ஆழப் பள்ளத்தை நிரப்பிய 'பெரிய மேட்டணை'யும் பாறையைக் குடைந்த வெட்டுகளும்தான். நம் பக்கத்துப் பழைய கம்பிச் சடக்குகளையும், அதாவது ரயில் பாதைகளையும், அப்படித்தான் தேட வேண்டும். ரயில் செங்குத்தாக ஏறாது. அங்கே வரம்பே மைலுக்கு 116 அடிதான். ஆகவே, சுற்றிலும் நிலம் ஏறி இறங்கும்போது ஒரே மட்டமாக ஓடும் கரையும், அதன் அடியில் செங்கல் மதகும் தென்பட்டால் அது சடக்காக இருக்கலாம். செம்பனை மறுநடவுக்கு மண்வாரி இயந்திரம் வந்தால் அந்தக் கரை ஒரே நாளில் தரைமட்டமாகிவிடும். அதற்கு முன்பே மதகின் அகலத்தை அளந்து, அளவுகோலுடன் படமெடுத்து, இடத்தை வரைபடத்தில் குறித்துவிட வேண்டும்.

1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியதே மலாயாவின் முதல் ரயில். அந்த நிலையத்தின் பெயர்ப்பலகை, தமிழ் எழுத்துடன், இன்றைய கோலா செபத்தாங்கில் நிற்கிறது. அடுத்த மலரில் திருத்தத்துடன் அந்தப் பலகையின் படத்தையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.