பங்குனி வெயிலில் எங்கள் தோட்டத்தைக் காத்தவர்களுக்கு

காங்கயம் பக்கம் எங்கள் வேலங்காட்டுத் தோட்டத்தை ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டுக்காரர் மோட்டார் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வைப் பார்க்கக் கிணற்றில் இறங்கும்போது படி வழுக்கி, தொடை எலும்பு முறிந்தது உங்களுக்குத் தெரியும். ஆபரேஷன், அப்புறம் நடைப்பயிற்சி என்று நானும் கோவையிலேயே தங்க வேண்டியதாகிவிட்டது. வெறும் வீடென்றால் பூட்டிவிட்டுப் போகலாம். மாடும் ஆடும் தேனீயும் இருக்கும் தோட்டத்தை, அதுவும் கிணறு கீழே போய் மேய்ச்சல் காய்ந்துவரும் மாதத்தில், யார் தலையில் கட்டுவது? நான் யாரையும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இருக்கவில்லை. நீங்களாகத்தான் வந்தீர்கள்.

கிழக்குத் தோட்டத்து மாமா எங்கள் மேச்சேரி ஆடுகளைத் தம் பட்டியோடு சேர்த்துக்கொண்டார். எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் மாசியிலேயே கட்டையாகிவிட்டது. அவருடைய காட்டிலும் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. இருந்தும் வெயில் ஏறும் முன் மேய்த்து, உச்சி நேரத்தில் வெள்வேல் மர நிழலில் மடக்கி, சித்திரை பிறந்ததும் காயை உலுக்கிப் போட்டு வளர்த்திருக்கிறார். ஆடுகள் மெலியாமல் திரும்பி வந்திருக்கின்றன மாமா. இந்தக் கோடையில் அது பெரிய காரியம்.

எங்கள் மயிலை மாட்டுக்கு இது தலையீத்து. பனிக்குடம் உடைந்து வெகு நேரமாகியும் கன்றின் மூக்கும் ஒரு முன்னங்காலும் மட்டும்தான் தெரிகிறது என்று பக்கத்துத் தோட்டத்து அக்கா இரவில் போன் செய்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆளாளுக்குப் பிடித்து இழுத்துவிடுவார்களோ என்றுதான் பயந்தேன். அக்கா யாரையும் தொட விடவில்லை. விடிந்ததும் கால்நடை ஆம்புலன்ஸுக்கு, 1962-க்கு அழைத்தார். கால்நடை மருத்துவர் வந்து, கன்றை மெதுவாக உள்ளே தள்ளி இடம் பண்ணிக்கொண்டு, மடங்கியிருந்த இன்னொரு காலை நிமிர்த்தி, மாடு முக்கும்போது மட்டும் இழுத்திருக்கிறார். கிடாரிக் கன்று. அது எழுந்து நிற்பதற்குள் அக்கா சீம்பாலைக் கறந்து வாயில் ஊட்டியிருக்கிறார். நஞ்சுக்கொடி விழும்வரை கட்டுத்தறியிலேயே காவல் இருந்து, அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டவும் ஆள் அனுப்பியிருக்கிறார். அக்கா, கூடப் பிறந்திருந்தால்கூட இதற்கு மேல் செய்திருக்க முடியாது. அந்த மருத்துவருக்கும், வண்டி ஓட்டி வந்த தம்பிக்கும் என் கும்பிடு.

தேனீப் பெட்டிகளை நினைத்துத்தான் ஆஸ்பத்திரியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் நாட்டுத் தேனீ சூடோ எறும்போ தாங்காவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். புழு வளரும் அடையில் சூடு 35 டிகிரி அளவிலேயே நிற்க வேண்டும். வெளியே அதற்கு மேல் கொதிக்கும்போது தேனீக்கள் தண்ணீரை உறிஞ்சி வந்து அடையில் தடவி, சிறகடித்துக் காற்று ஓட்டும். அதற்குத் தண்ணீர் பக்கத்திலேயே வேண்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தேனீப் பயிற்சிக்குப் போய்வந்த எங்கள் தம்பி, பெட்டிகளை வேப்பமர நிழலுக்கு மாற்றி, மேலே ஈரச் சாக்குப் போட்டு, தட்டில் கூழாங்கற்களை அடுக்கித் தண்ணீர் ஊற்றி வைத்தான். தேனீ கல்லில் உட்கார்ந்துதான் குடிக்கும். வெறும் தண்ணீர் என்றால் விழுந்து செத்துவிடும். பெட்டி மாற்றியதைக்கூட இருட்டிய பிறகு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித்தான் செய்தானாம். இல்லாவிட்டால் வெளியே போன தேனீ பழைய இடத்துக்கே வந்து தவிக்கும்.

அவன் தங்கை, நாலாவது படிக்கிற பாப்பா, பெட்டிக் கால்களுக்கு அடியில் இருக்கும் கொட்டாங்குச்சிகளில் பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் தண்ணீர் நிரப்பியிருக்கிறாள். இந்த வெயிலுக்குக் காலையில் ஊற்றியது சாயங்காலம் இருக்காது. ஒரு ராத்திரி காய்ந்து கிடந்தால் போதும், எறும்பு ஏறிவிடும். ஒரு பெட்டியிலும் எறும்பு ஏறவில்லை, கண்ணு.

மேற்குத் தோட்டத்து அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் எள்ளு பூத்து நின்ற நேரத்தில் பூச்சி விழுந்துவிட்டது. காலையில் மருந்தடித்திருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க முடியாது. அவர் காடு, அவர் வெள்ளாமை. ஆனால் முதல் நாளே தம்பியிடம் தகவல் சொல்லி, தேனீயெல்லாம் அடைந்த பிறகு, நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இருட்டில் அடித்தார். அண்ணா, எங்கள் பெட்டிகளில் இன்றைக்கு உயிர் இருப்பதற்கு நீங்களும் ஒரு காரணம்.

பால் ஊற்றிவந்த தம்பிக்கும், சோளத்தட்டுக் கொண்டுவந்து போட்டவர்களுக்கும், தாழிக்குத் தண்ணீர் விட்டவர்களுக்கும், கோவைக்குச் சோறு கொடுத்தனுப்பியவர்களுக்கும் நன்றி. யார் யார் என்று இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வீட்டுக்காரர் இப்போது வாக்கர் பிடித்துக் கட்டுத்தறி வரை நடக்கிறார். வேப்பம்பூத் தேனைத் தேனீக்கள் அடையில் மெழுகால் மூடிவிட்டன, வருகிற ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறோம். சோறு வந்த தூக்குப்போசிகள் எல்லாம் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. அவற்றை வெறுமையாகத் திருப்பித் தருவதாக இல்லை. அன்றைக்கு எல்லோரும் பிள்ளைகளோடு வந்துவிடுங்கள். பாப்பாதான் முதல் அடையை வெட்டப் போகிறாள்.

அன்போடு,
வேலங்காட்டுத் தோட்டத்திலிருந்து