பானைத் தண்ணீரும் ஓல்டு ஃபேஷன்டும்

லூயிவில், கென்டக்கி
ஜனவரி 18

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்களும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? போன மாதம் சொன்ன முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

போனில் பேசலாம் என்றால் பக்கத்திலேயே அம்மா இருப்பாள். அதனால்தான் கடிதம். பட்டாளத்திலிருந்து நீங்கள் எழுதிய இன்லேண்டு லெட்டர்களை அவள் இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். மடிக்கிற ஓரம்வரைக்கும் எழுதியிருப்பீர்கள். இன்றைக்கு எனக்கும் அவ்வளவு எழுத இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மாவுக்குச் சமையலறையைக் காட்டிக்கொண்டிருந்தேன். மேல் அலமாரியில் இருந்த பாட்டில்கள் அவள் கண்ணில் பட்டுவிட்டன. ‘அது என்னடா?’ என்றாள். விஸ்கி என்று சொன்னேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது. அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, போனை அத்தை கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அப்பாவோடு பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்தியவள். நியூஸ் பேப்பரில் சுற்றிய குவார்ட்டரும், கொல்லைப்புறத்தில் நின்றபடி அதை ஒரே மூச்சில் கவிழ்ப்பதும்தான் அவளுக்குத் தெரிந்த குடி. அவள் பயத்தை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் உங்கள் டம்ளரைப் பார்த்து அம்மா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, கவனித்திருக்கிறீர்களா மாமா? ராத்திரி செய்தி முடிந்ததும் கேன்டீன் பாட்டிலை எடுப்பீர்கள். பெக் மெஷரில் 60 மில்லி. அந்த நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். மண்பானையிலிருந்து தண்ணீரை மொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நடுவில் ஒருமுறை முகர்ந்து பார்ப்பீர்கள். பாட்டில் பீரோவுக்குள் போய்ப் பூட்டு விழுந்த பிறகுதான் முதல் வாய். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேர்க்கடலையைத் தின்றுகொண்டே, இன்னொன்று கிடையாதா மாமா என்று ஒருமுறை கேட்டேன். ‘அளந்தாச்சுல்ல’ என்றீர்கள். நான் இங்கே செய்வது உங்கள் பழக்கம்தான், அப்பாவுடையது இல்லை. அதை அம்மாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல முடியும். அதற்கு நான் என்ன செய்கிறேன் என்று உங்களுக்கு ஒழுங்காகத் தெரிய வேண்டும்.

நாங்கள் வந்து சேர்ந்திருக்கிற ஊர் அப்படி. கென்டக்கியில் விஸ்கி என்றால் போர்பன். மாநிலத்தில் மொத்தம் சுமார் 45 லட்சம் பேர். கிடங்குகளில் உறங்கும் போர்பன் பீப்பாய்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் இதே மாநிலத்தில் சில மாவட்டங்களில் இன்றைக்கும் மதுவிலக்கு இருக்கிறது! 1937-ல் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கு கொண்டுவந்த சேலம் ஜில்லாக்காரர்கள் நாம், நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. இவர்கள் நாடு முழுக்க 1920-ல் மூடி 1933-ல் திறந்தவர்கள். அந்தப் பதின்மூன்று வருடமும் டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் விஸ்கி வாங்கலாமாம்.

போர்பனுக்குச் சட்டம் கறாரானது. தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் கரியாகும்படி நெருப்பில் சுட்ட புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும். நிறத்துக்கோ வாசனைக்கோ எதையும் கலக்கக் கூடாது. தண்ணீர் மட்டும் சேர்க்கலாம். நம் ஊர்ப் பாட்டில்களில் பெரும்பாலானவை கரும்பாலை மொலாசஸிலிருந்து இறக்கிய ஸ்பிரிட் கலந்தவை, லேபிளில் அந்த 42.8 என்ற எண் இருக்குமே. அதைக் குடித்துப் பழகிய நாக்குக்கு இது முதலில் வேறு ஏதோ பண்டம் மாதிரி இருக்கும். வனிலா வாசம், வறுத்த சோளம், கொஞ்சம் காரம். அதில் வனிலா வாசம் அந்தக் கரிந்த மரம் கொடுப்பது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். முப்பது வருடத்துக்கு மேல் பீப்பாய் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவர். எங்கள் முதல் குளிர்காலத்தில் அவர் வாசலில் கிடந்த பனியை நான் அள்ளிப் போட்டேன். சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டார். நான் பாட்டிலும் சோடாவும் வரும் என்று நினைத்தேன். அவர் மேஜைமேல் ஒரு சர்க்கரைக் கட்டி, ஒரு ஆரஞ்சு, கத்தி, சின்ன பாட்டிலில் ஒரு கஷாயம், கைப்பிடி அளவில் ஒரு பனிக்கட்டி என்று வரிசையாக எடுத்து வைத்தார். அத்தை ரசத்துக்கு எடுத்து வைக்கிற மாதிரியே இருந்தது.

அதுதான் ஓல்டு ஃபேஷன்ட் என்ற காக்டெயில். செய்முறையை முழுசாக எழுதுகிறேன். கனமான கண்ணாடி டம்ளரில் ஒரு சர்க்கரைக் கட்டி. அதன்மேல் அந்தச் சின்ன பாட்டில் கஷாயம், அதாவது அங்கோஸ்டுரா பிட்டர்ஸ், இரண்டு மூன்று உதறல், பிறகு ஒரு ஸ்பூன் தண்ணீர். சர்க்கரை கரையும்வரை நசுக்க வேண்டும். அப்புறம் 60 மில்லி போர்பன். உங்கள் பெக் மெஷர்தான், அளவு மாறவே இல்லை! பெரிய பனிக்கட்டி ஒன்றைப் போட்டு, நீண்ட ஸ்பூனால் சத்தமில்லாமல் அரை நிமிஷம் சுற்ற வேண்டும். கடைசியில் ஆரஞ்சுத் தோலில் ஒரு துண்டு சீவி, டம்ளருக்கு மேலே பிடித்து முறுக்கினால் தோலிலுள்ள எண்ணெய் பனித்துளி மாதிரித் தெறிக்கும். கலந்து முடித்த பானத்துக்கு அந்த வாசனைதான் முகம். அதை விட்டுவிட்டால் தாளிக்காத குழம்பு.

அந்தக் கசப்புக் கஷாயத்துக்கு ஒரு பட்டாளத்துக் கதை உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். யோஹான் சீகர்ட் என்ற ஜெர்மன் டாக்டர், தென் அமெரிக்காவில் விடுதலைக்குப் போரிட்ட பொலிவாரின் படையில் மருத்துவராக இருந்தவர். சிப்பாய்களின் வயிற்றுக்கோளாறுக்காக வேரும் பட்டையும் ஊறவைத்து 1824-ல் இதை உருவாக்கினார். அப்போது அவர் இருந்த வெனிசுவேலா ஊரின் பெயர் அங்கோஸ்டுரா. பிறகு தொழிற்சாலை டிரினிடாடுக்குப் போய்விட்டது. பாட்டிலைவிடப் பெரிய லேபிள் ஒட்டி, கழுத்துவரை காகிதம் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தால் நிலவேம்பு ஞாபகம் வருகிறது, பின்னாலேயே லவங்கப்பட்டை.

லூயிவில்காரர்கள் ஓல்டு ஃபேஷன்ட் தங்கள் ஊர்ச் சரக்கு என்று பெருமைப்படுவார்கள். இங்கே இருக்கும் பெண்டெனிஸ் கிளப்பில்தான் பிறந்தது என்பது அவர்கள் கட்சி. 2015-ல் நகரத்தின் அதிகாரபூர்வ காக்டெயில் என்றே அறிவித்துவிட்டார்கள். கிளப் தொடங்கியது 1881-ல். அதற்கு முந்தைய வருடமே சிகாகோ பத்திரிகையில் இந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது. அதனால் நான் அந்தக் கட்சியில் இல்லை. என்னைக் கட்டிப்போட்டது அதைவிடப் பழைய செய்தி. 1806-ல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் ஊர்ப் பத்திரிகை ஒன்றில், காக்டெயில் என்றால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டதற்குப் பதில் போட்டிருக்கிறார்கள்: ஏதாவது ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், கசப்பு. நாலே பொருள். அதில் தண்ணீரும் ஒன்று மாமா. எதையோ நீர்க்கச் செய்வதற்காகச் சேர்ப்பது இல்லை, அதுவும் ஒரு சரக்கு.

பனிக்கட்டியோடு சுற்றுவது குளிர வைக்கத்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் அளந்து பார்த்தேன். 60 மில்லி ஊற்றி அரை நிமிஷம் சுற்றி வடித்தால் 78 மில்லி வந்தது. 18 மில்லி தண்ணீர், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கிறது. அந்தத் தண்ணீர் போன பிறகுதான் நாக்கைச் சுடுவது நின்று சோளமும் மரமும் தனித்தனியாகத் தெரிகின்றன. நடுவில் நீங்கள் முகர்ந்து பார்ப்பது எதற்கென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பெரியவரிடம் உங்கள் பானைத் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். ‘உன் மாமாவுக்கு விஷயம் தெரியும்’ என்றார்.

இந்த ஊர்ப் புகழே தண்ணீரால் வந்ததுதான். தரைக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அதில் ஊறி வரும் தண்ணீரில் இரும்பு இருக்காது, இருந்தால் விஸ்கி கறுத்துப்போகும். அந்தச் சுண்ணாம்புச் சத்துதான் இங்கத்துக் குதிரைகளின் எலும்புக்கும் பலம் என்று சொல்வார்கள்.

பனிக்கட்டி செய்வது எனக்கு இப்போது பெரிய பைத்தியம். தட்டில் உறைய வைத்தால் எல்லாப் பக்கமும் ஒரேயடியாக உறைந்து காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும், கட்டி வெள்ளையாகிவிடும். அதனால் சின்ன ஐஸ் பெட்டி ஒன்றை மூடி இல்லாமல் ஃப்ரீசரில் வைக்கிறேன். மேலிருந்து கீழாக மட்டும் உறையும், காற்று அடியில் ஒதுங்கும். அடி உறைவதற்கு முன்னால் எடுத்து, ரொட்டிக் கத்தியால் அறுத்தால் கண்ணாடிதான்! லடாக்கில், லே ஊரில் பனியை உருக்கிக் குடித்தவர் நீங்கள். இதைப் பார்த்தால் என்ன சொல்வீர்களோ.

போன தடவை நீங்கள் கொடுத்தனுப்பிய கருப்பட்டியில் பாகு காய்ச்சி வடிகட்டி, சர்க்கரைக்குப் பதில் ஒரு ஸ்பூன் விட்டேன். பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். இது என்ன மரம் என்று கேட்டார். பனை என்றேன். பீப்பாய் செய்த மனிதர், அவருக்கு வாசனையில் முதலில் மரம்தான் தெரியும்.

மான்ஹாட்டன் என்று இன்னொன்று உண்டு. ரை என்ற தானியத்தில் செய்த விஸ்கி இரண்டு பங்கு, சிவப்பு வெர்மூத் ஒரு பங்கு, அதே பிட்டர்ஸ். நான் முதலில் வெர்மூத்தை அலமாரியிலேயே இரண்டு மாதம் வைத்திருந்து கெடுத்தேன். அது மூலிகை போட்ட ஒயின், திறந்தால் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். நன்றாக அமைந்துவிட்டால் இதற்கு இணை கிடையாது, ஆனாலும் என் மனசு ஓல்டு ஃபேஷன்டிடம்தான்.

என் மனைவிக்கு விஸ்கி சவர் பிடிக்கும். எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் சேர்ப்பது. சாறு இருந்தால் சுற்றக் கூடாது, ஷேக்கரில் போட்டுக் குலுக்க வேண்டும். மேலே நுரை நிற்க முட்டையின் வெள்ளைக்கரு விடுவார்கள். இவள் முட்டை தொடமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். உப்புப் போடாமல் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் கெட்டியாக இருந்தால் அதே நுரை வருகிறது. கடலை சுண்டலாகிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கு ஒன்று, சுண்டல் நடுவில். பாட்டில் அதற்கு முன்பே அலமாரிக்குப் போய்விடும். அன்றைக்குக் கார் சாவியையும் தொடுவதில்லை.

மே மாதம் முதல் சனிக்கிழமை இங்கே டெர்பி குதிரைப் பந்தயம். 1875-லிருந்து நடக்கிறது. அன்று ஊரே மின்ட் ஜூலெப் குடிக்கும்: போர்பன், சர்க்கரை, பொடித்த பனி, புதினா. துவையலுக்கு மாதிரி அரைத்துவிட்டால் கசக்கும், இலையை இலேசாக அழுத்தினால் போதும். குலாப் என்ற பாரசீகச் சொல்தான், நம் ஊர்ப் பன்னீர், அரபு வழியாக வந்து ஜூலெப் ஆகியிருக்கிறது. இப்போது வெளியே பனி கொட்டுகிறது, அதனால் வெந்நீர், தேன், எலுமிச்சை, விஸ்கி சேர்த்த ஹாட் டாடிதான். டாடி என்றால் தாடி, வடக்கே கள்ளுக்குச் சொல்வார்களே, அதே சொல். பனைமரத்திலிருந்து கிளம்பி ஸ்காட்லாந்து சுற்றி இங்கே வந்திருக்கிறது. சளிக்கு அம்மா கொடுக்கும் சுக்குத் தண்ணீர் நினைவுக்கு வராமல் அதைக் குடிக்க முடிவதில்லை.

மாமா, அம்மாவிடம் இதில் எதைச் சொல்வது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். புதினாவையும் கருப்பட்டியையும் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒன்று, அளந்து, இவளோடு உட்கார்ந்து என்று சொல்லுங்கள். அவளுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அடுத்த ஞாயிறு நான் வழக்கம்போலக் கூப்பிடுவேன். பாட்டில்களை மறைக்கப் போவதில்லை, அவளும் எழுந்து போகாமல் பேசினால் எனக்கு அது போதும்.

தைப்பூசத்துக்கு ஊரிலிருந்து ஒரு நண்பர் இங்கே திரும்பி வருகிறார். முடிந்தால் இன்னும் ஒரு கிலோ கருப்பட்டி கொடுத்தனுப்புங்கள். இன்னொன்று: இன்றைக்கு ராத்திரி டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அதையும் பெக் மெஷரில் அளந்து, எத்தனை மில்லி என்று எழுதுங்கள். பெரியவர் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்