வீட்டில் டார்கெட் கட்டுகிறவர்களுக்கு: மூட்டையும் அட்டையும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வில்லும் அரை டஜன் அம்பும் வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது டார்கெட்டைத்தான். விலையைச் சொன்னதும் பாதிப் பேர் "அப்புறம் பார்க்கலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். 30 பவுண்டுக்கு உட்பட்ட இழுவிசை (நாணை முழுதாக இழுக்கத் தேவையான விசை) உள்ள வில்லை வைத்து 10 முதல் 18 மீட்டருக்குள் பழகுகிறவருக்குக் கடை ஃபோம் டார்கெட் கட்டாயமில்லை. பழந்துணியும் அட்டைப்பெட்டியும் போதும். விற்கிற சரக்கை நாங்களே வேண்டாம் என்கிறோமே என்று பார்க்காதீர்கள். தப்பான டார்கெட்டில் ஒடிந்த அம்பை எடுத்துக்கொண்டு "உங்க அம்பு சரியில்லை" என்று சண்டைக்கு வருவதற்கு இது எவ்வளவோ மேல்.

அம்பு நிற்பது தண்டைச் சுற்றிலும் கிடைக்கிற உராய்வால். அதனால் உள்ளே இருக்கிற பொருள் மெத்தென்று இருக்க வேண்டும், ஆனால் இறுக்கமாகத் திணித்திருக்க வேண்டும். பலகையில் முனை புதைந்துகொள்ளும், பிடுங்கும்போது தண்டு முறியும். டயர் அம்பை எய்தவர் பக்கமே திருப்பி எறியும். மணல் மூட்டை தண்டைத் தேய்த்துவிடும். உமியும் மரத்தூளும் ஓட்டை வழியே கொட்டிக்கொண்டே இருக்கும். தெர்மகோல் நாலே நாளில் பொடிப்பொடியாகும், அம்பையும் பிடிக்காது.

முதலில் துணி மூட்டை. 50 கிலோ பிடிக்கிற நைலான் சாக்கு ஒன்று, அதற்கு மேலே போட ஒரு சணல் சாக்கு. உள்ளே 15 முதல் 20 கிலோ பழந்துணி. தையல்காரரிடம் கிடைக்கும் வெட்டுத்துணி, லேத் பட்டறைக்கு வரும் பனியன் வேஸ்ட், பழைய சேலை, வேட்டி எல்லாம் சரி. ஜீன்ஸ் பேன்ட் போடுவதானால் பித்தளைப் பொத்தான், ஜிப், மூலையில் அடித்திருக்கும் சின்ன ரிவெட் வரை வெட்டி எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு ரிவெட்டில் முனை பட்டால் அலுமினியத் தண்டு வளையும், கார்பன் தண்டு விரிசல் விடும். ஓசூர்ப் பக்கம் குடோன்களில் சரக்கைச் சுற்றி வந்து குப்பைக்குப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் கிடைத்தால் விடாதீர்கள். நடுவில் அதை உருண்டையாகத் திணித்துச் சுற்றிலும் துணி வைத்தால் பிடி நன்றாக இருக்கும்.

திணிப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். சாக்கை நிற்க வைத்து ஒரு சாண் உயரத்துக்குத் துணி போட்டு, முதலில் இரண்டு அடிமூலைகளையும் நிரப்பி, உலக்கையால் இடியுங்கள். பிறகு அடுத்த சாண். ஒரேயடியாகக் கொட்டி மேலே ஏறி மிதித்தால் மேல்பக்கம் மட்டும் இறுகும், நடுவில் பொந்து விழும். அம்பு அந்தப் பொந்து வழியே பின்பக்கம் எட்டிப் பார்க்கும். வாயைக் கோணி ஊசியும் சணல் கயிறும் கொண்டு நெருக்கமாகத் தையுங்கள். முடித்த மூட்டை குறைந்தது ஓர் அடி பருமன் இருக்க வேண்டும். கைமுட்டியால் குத்தினால் குழி விழுந்து நிற்கக் கூடாது. 5 மீட்டரில் நின்று மேல், நடு, கீழ் என்று மூன்று அம்பு விட்டுப் பாருங்கள். எங்காவது முனை பின்னால் தெரிந்தால் தையலைப் பிரித்து இன்னும் திணிக்க வேண்டியதுதான்.

எத்தனை இடித்தாலும் நாளடைவில் துணி கீழே இறங்கும், மேல் கால்பகுதி தொளதொளக்கும். வாரம் ஒருமுறை தலைகீழாக நிறுத்துங்கள்.

அடுத்தது அட்டை. மூட்டையைவிட வேலை அதிகம், ஆனால் அம்பு போய் நிற்கும் ஆழம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பழக்கடையில் ஆப்பிள் வந்த பெட்டி, ஃபிரிட்ஜ் பெட்டி போன்ற ஐந்தடுக்கு அட்டைகளை 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலத்தில் துண்டு போடுங்கள். ஸ்டேப்ளர் பின்னும் டேப்பும் இருக்கக் கூடாது. 5 மில்லிமீட்டர் கனமுள்ள அட்டை என்றால் 150 துண்டு வரை ஆகும், எடை 20 கிலோவை நெருங்கும். அட்டையை ஓரத்திலிருந்து பார்த்தால் அலை அலையாகச் சின்னத் துளைகள் தெரியுமே, நீளமான விளிம்பில் அம்பு விட நிற்கும்போது அந்தத் துளைகள் உங்களைப் பார்க்காமல் இடம் வலமாக ஓடும்படி வெட்டுங்கள். உங்களைப் பார்த்திருந்தால் அம்பு குழாய்க்குள் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 75 சென்டிமீட்டர் உயரம் வரும். மேலும் கீழும் 80க்கு 30 அளவில் ஓர் அங்குலப் பலகை வைத்து, அட்டைக்கு வெளியே இரண்டு பக்கமும் பலகையில் துளை போட்டு, 12 மில்லிமீட்டர் திரெட் ராடு (நெடுக மரை வெட்டிய இரும்புக் கம்பி) நான்கைச் செருகி, பெரிய வாஷர் போட்டு நட்டை முடுக்குங்கள். முன்வரிசை ராடு முகப்பிலிருந்து ஒரு கை அகலமாவது உள்ளே தள்ளி இருக்கட்டும். நான்கையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி 60 சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். ராடு வேண்டாமென்றால் லாரியில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட் இரண்டு போதும், ஆனால் அது இளகும், தினம் பார்த்து இறுக்க வேண்டும். அம்பை விடுவது அட்டையின் விளிம்புப் பக்கம்தான். நடு அட்டைகள் கிழிந்து தளர்ந்ததும் நட்டைக் கழற்றி, அவற்றை மேலும் கீழும் மாற்றி வைத்தால் இன்னொரு பருவம் ஓடும்.

இரண்டுக்குமே நம் ஊரில் எதிரி மூன்று: கறையான், வெயில், ஐப்பசி மழை. வெறும் தரையில் வைக்காமல் நான்கு ஹாலோ பிளாக் மேல் நிறுத்துங்கள். நைலான் சாக்கு வெயிலில் கிடந்தால் சில மாதங்களில் தொட்டாலே நார் நாராக உதிரும், அதற்குத்தான் சணல் சாக்கை மேலே போடச் சொன்னோம். பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வேலை முடிந்ததும் மேலே போர்த்தினால் போதும். அதன்மேல் அம்பு விடாதீர்கள். நனைந்த அட்டையைக் காயவைத்துப் பயனில்லை, எடைக்குப் போட்டுவிடுங்கள்.

முகப்புத் தாளை நீங்களே வரையலாம். 18 மீட்டருக்கு உரிய தாள் 40 சென்டிமீட்டர் விட்டம். ஆணியும் நூலும் வைத்து 4, 8, 12, 16, 20 சென்டிமீட்டர் ஆரத்தில் ஐந்து வட்டம் போட்டு, உள்ளிருந்து மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை. ஒவ்வொரு நிறத்தையும் சரிபாதியாகப் பிரித்தால் பத்து வளையம். மைதா பசையால் செய்தித்தாள் நாலு மடிப்பில் ஒட்டி, மூங்கில் சிம்பால் குத்துங்கள், இரும்பு ஆணி வேண்டாம். வெளி மைதானப் போட்டியில் தாளின் நடு தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், வீட்டிலும் அதே உயரத்தில் பழகுவது நல்லது.

டார்கெட்டுக்குப் பின்னால் மண்மேடோ, ஆள் நடமாட்டமில்லாத சுவரோ இருக்கட்டும். வயல் வரப்பு பாதுகாப்பு ஆகாது, அந்தப் பக்கம் ஆள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருக்கலாம். அம்பைப் பிடுங்கும்போது ஒரு கையால் டார்கெட்டை அழுத்தி, மறு கையால் தண்டை முகப்புக்கு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பின்னால் யாரும் நிற்கக் கூடாது, நாக் (நாணில் மாட்டும் அம்பின் வால்முனை) கண்ணைக் குத்திவிடும். இறுகிப்போனால் அடுத்த முறை தண்டில் உலர்ந்த சோப்பைத் தேய்த்துவிட்டு எய்யுங்கள். கெட்டியான எதிலாவது பட்ட கார்பன் அம்பை மெல்ல வளைத்துப் பாருங்கள். நொறுக்கென்று சத்தம் வந்தால் குப்பைக்குத்தான், அது நாணிலேயே சிதறிக் கையில் ஏறும்.

காம்பவுண்டு வில்லோ (முனைகளில் கப்பி வைத்த வில்) 40 பவுண்டுக்கு மேலோ போகிறவர்கள் இந்த மூட்டையை நம்ப வேண்டாம். வில்லையும் ஓர் அம்பையும் கடைக்குக் கொண்டுவாருங்கள், எந்த அடர்த்தியில் ஃபோம் வேண்டும் என்று எய்து பார்த்தே முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
வில்வித்தைச் சாமான் பிரிவு,
தர்மபுரி